மழையில் நனைந்த மது; மலைபோல் ஏறிய விலை!

பூமிக்கு அடியில் ஒரு கிட்டங்கி. இங்கிலாந்தில், வில்ட்ஷயர் மாவட்டத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் அது கட்டடக் கல் வெட்டி எடுத்த சுரங்கம். இப்போது அங்கே கல் வெட்டுவதில்லை. சுரங்கத்துக்குள் வரிசை வரிசையாக மரப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். வெயில் படாது. சத்தம் கிடையாது. கோடையிலும் குளிர்காலத்திலும் ஒரே அளவு குளிர்ச்சி. வாசலில் பலத்த காவல்!

பெட்டிகளுக்குள்ளே என்ன இருக்கிறது? தங்கமா? வைரமா?

இரண்டும் இல்லை. திராட்சை மது! சிவப்பு ஒயின்!

இந்தப் பெட்டிகளின் சொந்தக்காரர் லண்டனில் இருப்பார், ஹாங்காங்கில் இருப்பார், சிங்கப்பூரில் இருப்பார். பலர் தங்கள் பெட்டியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பார்க்கவும் விரும்புவதில்லை. அவர்களில் பலர் இதைக் குடிப்பதற்காக வாங்கவில்லை. பூட்டி வைத்து, விலை ஏறிய பிறகு விற்பதற்காக வாங்கியிருக்கிறார்கள்.

நம் வீடுகளில் நகை வாங்கிப் பெட்டியில் வைப்பது போல, நிலம் வாங்கிப் போடுவது போல, அவர்கள் மதுவை வாங்கிப் போடுகிறார்கள்!

குடியினால் வரும் கேடு வேறு கதை. அதை இங்கே யாரும் மறுக்கவில்லை. இது பணத்தின் கதை, மழையின் கதை, ஒரு குடியானவரின் கவலையும், ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் ஒரு பணக்காரரின் கணக்கும் ஒரே புட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கும் கதை.

தெரிந்த பெயர்தான்!

இந்த மதுவில் பெரும்பகுதி பிரான்சு நாட்டில் போர்டோ என்ற ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருகிறது.

தமிழ்நாட்டுக் குடியானவருக்குப் போர்டோ என்ற பெயர் புதிதல்ல. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் கலந்து, 'போர்டோ கலவை' என்று பயிருக்குத் தெளிக்கிறார் அல்லவா? அந்தப் போர்டோதான் இது!

அந்தக் கலவை பிறந்த கதையே வேடிக்கையானது. சுமார் 140 ஆண்டுகளுக்கு முன், சாலையோரம் இருந்த கொடிகளில் வழிப்போக்கர்கள் திராட்சையைப் பறித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்களை விரட்டத் தோட்டக்காரர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து, பார்த்தாலே அருவருப்பாக இருக்கும்படி கொடிகளின் மேல் தெளித்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில் தோட்டமெங்கும் அடிச்சாம்பல் நோய் பரவியது. உள்ளே இருந்த கொடிகள் இலை உதிர்ந்து நின்றன. சாலையோரக் கொடிகள் மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தன! போர்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மில்லார்டே என்ற பேராசிரியர் இதைக் கவனித்தார். ஆராய்ந்தார். 1885-ம் ஆண்டில் உலகுக்குச் சொன்னார். திருடனுக்குப் போட்ட பூச்சு, பயிருக்கு மருந்தாயிற்று!

போர்டோவில் காரோன் நதி ஓடுகிறது. அது வடக்கே சென்று இன்னொரு நதியோடு கூடி, ஜிரோந்து என்ற அகன்ற கழிமுகமாகிக் கடலில் கலக்கிறது. அதன் கரையெல்லாம் திராட்சைத் தோட்டங்கள். தோட்டத்தை அங்கே 'ஷாட்டோ' என்கிறார்கள். மாளிகை என்று பொருள். மாளிகை உள்ள தோட்டமும் உண்டு. சாதாரண ஓட்டு வீடு உள்ள தோட்டமும் உண்டு. பெயர் மட்டும் எல்லாவற்றுக்கும் மாளிகைதான்!

1855-ம் ஆண்டில் பாரிசில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. அப்போது பிரான்சை ஆண்டவர் மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்தி. போர்டோ மதுவைத் தரம் பிரித்து வரிசைப்படுத்த வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. ஊர்த் தரகர்கள் கூடினார்கள். எந்தத் தோட்டத்துச் சரக்கு பல ஆண்டுகளாக அதிக விலைக்குப் போகிறதோ, அதற்கு மேல் இடம் என்று பட்டியல் போட்டார்கள். முதல் தரத்தில் 4 தோட்டங்கள் இடம்பெற்றன. லாபிட், லாத்தூர், மார்கோ, ஓபிரியோன் என்பவை அவை. 1973-ம் ஆண்டில் மூத்தோன் என்ற தோட்டமும் முதல் தரத்துக்கு உயர்ந்தது. ஆக மொத்தம் 5.

பட்டியல் போட்டு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் அந்தப் பெயர்களுக்குத்தான் பணம் கொட்டுகிறது!

கெட்ட ஆண்டு என்றால் என்ன?

நெல்லுக்கு விதைப்பு, நடவு, கதிர், அறுவடை என்று பருவங்கள் உண்டு. திராட்சைக் கொடிக்கும் அப்படித்தான்.

குளிர்காலத்தில் கொடி மொட்டையாக நிற்கும். மார்ச் மாதக் கடைசியில் தளிர் விடும். ஜூன் மாதத்தில் பூக்கும். ஆகஸ்டில் பச்சைக் காய் நிறம் மாறும். செப்டம்பரிலும் அக்டோபரிலும் அறுவடை.

ஒவ்வொரு படியிலும் ஒரு பகைவன் காத்திருக்கிறான்.

ஏப்ரலில் உறைபனி விழுந்தால் தளிர் கருகிவிடும். ஜூனில் குளிரும் மழையும் சேர்ந்தால் பூ உதிர்ந்துவிடும். எஞ்சிய குலையிலும் ஒரு பழம் பெரிதாக, ஒரு பழம் மிளகு போலச் சிறியதாக நிற்கும். கோடையில் ஈரம் மிகுந்தால் அடிச்சாம்பல் நோய். வெயில் குறைந்தால் பழத்தில் இனிப்பு ஏறாது. அறுவடைச் சமயத்தில் மழை பிடித்தால் பழம் தண்ணீர் குடித்து ஊதிவிடும், தோல் வெடிக்கும், பூஞ்சை பிடித்து அழுகும். நடுவில் ஆலங்கட்டி மழை வந்தால் கேட்கவே வேண்டாம்.

கதிர் முற்றி நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டால் நம் குடியானவர் என்ன பாடுபடுகிறார்! அந்தப் பாடுதான் அங்கேயும்.

இந்தப் பகைவர்களில் இரண்டு மூன்று பேர் ஒரே ஆண்டில் வந்துவிட்டால், அதுதான் கெட்ட ஆண்டு.

ஒரே இரவில்!

1956-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். ஜனவரி இதமாக இருந்தது. கொடிகள் வசந்தம் வந்துவிட்டது என்று ஏமாந்தன. திடீரென்று கடுங்குளிர் இறங்கியது. தளிர் மட்டுமா போயிற்று? கொடிகளே வேரோடு செத்தன! போமரோல், சேந்த் எமிலியோன் என்ற பகுதிகளில் எத்தனையோ குடும்பங்கள் தாத்தா நட்ட கொடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட வேண்டியதாயிற்று.

1991-ம் ஆண்டு ஏப்ரலில் மறுபடியும் உறைபனி. போமரோலில் உள்ள பெத்ருஸ் என்ற புகழ்பெற்ற தோட்டம் அந்த ஆண்டு தன் பெயரில் மதுவே வெளியிடவில்லை. "இந்தச் சரக்குக்கு நம் பெயரைப் போட வேண்டாம்" என்று விட்டுவிட்டது.

2013-ம் ஆண்டில் குளிர்ந்த வசந்தம், உதிர்ந்த பூ, ஆகஸ்டு தொடக்கத்தில் ஆலங்கட்டி, அறுவடையில் அழுகல்! 1991-க்குப் பிறகு அவ்வளவு குறைந்த விளைச்சலை அந்த ஊர் கண்டதில்லை.

2017-ம் ஆண்டு ஏப்ரல் கடைசியில் வந்த பனியில் ஏறக்குறைய 40 சதவிகித விளைச்சல் போயிற்று.

2021-ம் ஆண்டு ஏப்ரலில் ஒரு காட்சி! நடு இரவு. தோட்டமெங்கும் வரிசை வரிசையாகத் தீபங்கள். திருக்கார்த்திகை போல் இருக்கிறது. ஆனால் திருவிழா அல்ல. பெரிய டப்பாக்களில் மெழுகை ஊற்றி, திரி வைத்துக் கொளுத்தியிருக்கிறார்கள். அந்தச் சூட்டில் தளிர் பிழைக்காதா என்ற ஏக்கம். சிலர் பெரிய காற்றாடிகளைச் சுழலவிட்டார்கள். சிலர் ஹெலிகாப்டரை வாடகைக்குப் பிடித்து, மேலே உள்ள சற்று வெதுவெதுப்பான காற்றைக் கீழே தள்ளினார்கள்.

இதற்கெல்லாம் பணம் வேண்டும். பணம் உள்ளவர் தளிரைக் காப்பாற்றினார். இல்லாதவர் விடியும்வரை விழித்திருந்து, விடிந்ததும் கருகிய தளிரைப் பார்த்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2017-ம் ஆண்டுப் பனியில் ஜிரோந்துக் கரையில் இருந்த பெரிய தோட்டங்கள் பல தப்பித்துக்கொண்டன. அகன்ற நீர்ப்பரப்பு பக்கத்தில் இருந்தால் காற்று அவ்வளவு சில்லிடுவதில்லை. 1855-ம் ஆண்டுப் பட்டியலில் உள்ள தோட்டங்களில் பல அந்தக் கரையில்தான் இருக்கின்றன. உள்ளே தள்ளி இருந்த சிறு தோட்டக்காரர்கள்தான் அகப்பட்டுக்கொண்டார்கள். இருப்பவனுக்கு நதியும் துணை!

அப்படியானால் கெட்ட ஆண்டு மது கெட்டதா?

அங்கேதான் இருக்கிறது விஷயம்! கெட்ட ஆண்டில் எல்லாருடைய சரக்கும் கெட்டுவிடுவதில்லை.

பெரிய தோட்டங்களில் நிலம் கூழாங்கல் நிலம். மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காமல் வடிந்துவிடும். அங்கே 'காபர்னே சாவிஞோன்' என்ற வகை விளைகிறது. தோல் தடித்த பழம். சீக்கிரம் அழுகாது. மெதுவாகப் பழுக்கும். 'மெர்லோ' என்ற வகை முன்னதாகவே பூத்து முன்னதாகவே பழுக்கும். ஒன்று மழையில் அகப்பட்டால் மற்றொன்று தப்பலாம். இரண்டையும் கலந்துதான் மது செய்கிறார்கள்.

அறுவடையானதும் பழங்களை மேசையில் பரப்பி, அழுகலையும் பச்சையையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிகிறார்கள். இப்போது இதற்கு இயந்திரமும் வந்துவிட்டது. ஒவ்வொரு பழத்தையும் படம் பிடித்துப் பார்த்து, கெட்டதைக் காற்றால் ஊதித் தள்ளிவிடுகிறது!

பிறகும் ஒரு சல்லடை உண்டு. பீப்பாய்களைச் சுவை பார்த்து, சிறந்ததை மட்டும் தோட்டத்தின் பெயரில் விடுவார்கள். மற்றதை இரண்டாம் பெயரில் குறைந்த விலைக்கு விற்பார்கள்.

ஆகவே கெட்ட ஆண்டில் நல்ல தோட்டம் கொஞ்சமாகத்தான் மது செய்யும். ஆனால் செய்வதைச் சுமாராகவாவது, சில சமயம் மிக நன்றாகவே செய்துவிடும். ஆண்டின் பெயர் கெட்டுவிட்டதால் விலை மட்டும் குறைவாக இருக்கும்.

இதைத்தான் கெட்டிக்கார வியாபாரிகள் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள்!

பச்சைப் பயிருக்கு முன்பணம்

போர்டோவில் ஒரு விசித்திரமான விற்பனை முறை இருக்கிறது.

அறுவடைக்குப் பிறகு மதுவை 225 லிட்டர் பிடிக்கும் ஓக் மரப் பீப்பாயில் ஊற்றி வைப்பார்கள். ஒரு பீப்பாய் 300 புட்டி. ஒன்றரை ஆண்டு அளவுக்கு அது பீப்பாயிலேயே கிடக்கும். ஆனால் விற்பனை அதற்கு முன்பே நடந்துவிடும்!

அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில் உலகெங்கும் இருந்து வியாபாரிகளும் சுவை பார்ப்பவர்களும் போர்டோவுக்கு வருவார்கள். முதிராத மதுவைச் சுவைத்துத் துப்புவார்கள், மதிப்பெண் போடுவார்கள். பிறகு ஒவ்வொரு தோட்டமும் தன் விலையை அறிவிக்கும். தரகருக்கு 2 சதவிகிதம் தரகு. தரகரிடமிருந்து மொத்த வியாபாரிக்கு, அங்கிருந்து வெளிநாட்டு வியாபாரிக்கு, அங்கிருந்து வாடிக்கைக்காரருக்கு என்று சரக்கு கைமாறும். சரக்கு என்றால் வெறும் ரசீதுதான்! பணத்தை இன்று கட்ட வேண்டும். புட்டி கைக்கு வர இரண்டு ஆண்டுகள் ஆகும்.

கழனியில் நிற்கும் பச்சைப் பயிருக்கு முன்பணம் கொடுப்பது போன்ற வியாபாரம் இது. விலை குறைவாக இருக்கும் என்பதுதான் வாங்குபவருக்கு ஆசை. பணம் முன்னதாகக் கிடைக்கும் என்பது விற்பவருக்கு வசதி.

முதல் தரத் தோட்டங்களில் ஒன்றான லாத்தூர், 2012-ம் ஆண்டில் இந்த முறையே வேண்டாம் என்று விலகிவிட்டது. மது முதிர்ந்த பிறகு நாமே விற்றுக்கொள்கிறோம் என்று அறிவித்தது. விலை ஏறினால் அந்த லாபம் நமக்கே வரட்டும் என்ற கணக்கு!

எட்டு என்ற எழுத்து செய்த மாயம்

இப்போது 2008-ம் ஆண்டின் கதையைக் கேளுங்கள்.

அந்த ஆண்டு வசந்தம் ஈரமாக இருந்தது. பூ உதிர்ந்தது. அடிச்சாம்பல் நோய் வந்தது. கோடையும் மப்பும் மந்தாரமுமாகப் போயிற்று. "இந்த ஆண்டு அவ்வளவுதான்" என்று ஊரே சோர்ந்துவிட்டது.

செப்டம்பர் நடுவில் வானம் வெளுத்தது! மழை நின்றது. வெயில் காய்ந்தது. பொறுத்திருந்தவர்கள் அக்டோபர் வரை பழத்தைக் கொடியிலேயே விட்டு வைத்தார்கள். கொஞ்சம்தான் விளைந்தது. ஆனால் நன்றாகப் பழுத்தது.

அந்தச் செப்டம்பர் நடுவில்தான் இன்னொரு இடியும் விழுந்தது. 15-ம் தேதி, அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய பாங்கி திவாலாயிற்று. உலகமெங்கும் பணம் முடங்கியது. யார் மது வாங்குவார்கள்?

2009-ம் ஆண்டு வசந்தத்தில் தோட்டங்கள் விலையை வெகுவாகக் குறைத்தன. முதல் தரத் தோட்டமான லாபிட்டின் மது 12 புட்டி கொண்ட ஒரு பெட்டி, லண்டனில் 2 ஆயிரம் பவுண்டுக்கும் குறைவாகக் கிடைத்தது.

அப்போது மதுவுக்கு மதிப்பெண் போடுவதில் உலகப் புகழ் பெற்றிருந்தவர் ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்கர். முதலில் வக்கீலாக இருந்தவர். 100-க்கு இத்தனை என்று மார்க் போடுவார். அவர் லாபிட்டின் 2008-ம் ஆண்டு மதுவுக்கு 98-லிருந்து 100 வரை போட்டுவிட்டார்! கெட்ட ஆண்டு என்று ஒதுக்கப்பட்ட சரக்குக்குத் திடீரென்று மவுசு பிறந்தது.

அதற்கு ஓர் ஆண்டுக்கு முன், 2008 பிப்ரவரியில், ஹாங்காங் அரசாங்கம் ஒயினுக்கு இருந்த 40 சதவிகித வரியை அடியோடு எடுத்துவிட்டது. சீனப் பணக்காரர்கள் ஹாங்காங் வழியாக வாங்கிக் குவித்தார்கள். அவர்களுக்கு லாபிட் என்ற பெயரின் மேல் தனி மோகம். அதிகாரிகளுக்குப் பரிசு கொடுப்பதென்றால் லாபிட். கல்யாண விருந்து என்றால் லாபிட்! 2010 அக்டோபரில் ஹாங்காங்கில் நடந்த ஏலத்தில், 1869-ம் ஆண்டு லாபிட் மது 3 புட்டிகள், புட்டி ஒன்றுக்கு 2 லட்சத்து 30 ஆயிரம் அமெரிக்க டாலருக்கு மேல் போயின!

அதே மாதம் லாபிட் தோட்டம் ஓர் அறிவிப்புச் செய்தது. 2008-ம் ஆண்டுப் புட்டியில் 'எட்டு' என்ற சீன எழுத்தைச் சிவப்பில் பொறிக்கப்போகிறோம் என்றது.

சீனருக்கு எட்டு ராசியான எண். அந்தச் சொல்லின் ஓசை, செல்வம் பெருகுவதைக் குறிக்கும் சொல்லின் ஓசையை ஒத்திருக்கிறது.

அவ்வளவுதான்! சில நாளில் விலை ஐந்தில் ஒரு பங்கு எகிறியது. உள்ளே இருந்த மது மாறவில்லை. புட்டியின் மேல் ஓர் எழுத்து ஏறியது, விலையும் ஏறியது! 2011-ம் ஆண்டில் ஒரு பெட்டி 10 ஆயிரம் பவுண்டைத் தாண்டிவிட்டது. இரண்டே ஆண்டில் ஐந்து மடங்கு!

ஏறியது இறங்கியது!

கதை இங்கேயே முடிந்தால் எல்லாரும் மது வாங்கிப் பூட்டிவிடலாம். முடியவில்லையே!

2011-ம் ஆண்டு நடுவிலிருந்து விலை சரியத் தொடங்கியது. வாங்கியவர்களில் பலர் குடிப்பதற்காக வாங்கவில்லை. விற்பதற்காகவே வாங்கினார்கள். எல்லாரும் விற்க வந்தால் வாங்குவது யார்?

2012 டிசம்பரில் சீன அரசாங்கம் அதிகாரிகளின் ஆடம்பரத்தைக் கட்டுப்படுத்த ஒரு விதித் தொகுப்பை வெளியிட்டது. விருந்தும் பரிசும் குறைந்தன. அந்த விதிகள் எத்தனை தெரியுமா? எட்டு! ஏற்றிவிட்டதும் எட்டு, இறக்கிவிட்டதும் எட்டு!

மூன்று நான்கு ஆண்டுகளில் 2008-ம் ஆண்டு லாபிட் உச்சத்திலிருந்து பாதி விலைக்கும் கீழே வந்துவிட்டது.

இரண்டு பேரை நினைத்துப் பாருங்கள். ஒருவர் 2009-ல் வாங்கி 2011-ல் விற்றார். அவர் வீடு வாங்கியிருப்பார். இன்னொருவர் 2011-ல் அவரிடமிருந்தே அதே பெட்டியை வாங்கினார். அவர் வீட்டை அடமானம் வைத்திருப்பார். மது ஒன்றுதான். பெட்டி ஒன்றுதான். வாங்கிய நாள்தான் வேறு!

கெட்ட ஆண்டு மதுவை வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்ட கதைகள் முன்பும் உண்டு. 1972-ம் ஆண்டு விளைச்சல் மட்டம். ஆனால் சந்தை சூடாக இருந்ததால் கொழுத்த விலை வைத்து விற்றார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. விலை மளமளவென்று சரிந்தது. பல வியாபாரிகள் நொடித்துப் போனார்கள். 1997-ம் ஆண்டு மதுவும் சுமார் ரகம்தான். அதற்கும் ஏராளமான விலை சொன்னார்கள். வாங்கியவர்கள் பல ஆண்டுகள் காத்திருந்தும் போட்ட முதல் திரும்பவில்லை.

இதில் உள்ள பாடம் எளிது. கடையில் ஒரு பழைய அரிசி மூட்டை இருக்கிறது. நன்றாக உலர்ந்த, ருசியான அரிசி. பக்கத்தில் மழையில் நனைந்து காய்ந்த புது அரிசி மூட்டை. இரண்டும் ஒரே விலை என்றால் எதை வாங்குவீர்கள்? பழையதைத்தானே! மதுவும் அப்படித்தான். முன்பு விளைந்த நல்ல ஆண்டு மது அதே விலைக்குச் சந்தையில் கிடைக்கும்போது, கெட்ட ஆண்டு மதுவை வாங்குவது வீண். நன்றாகக் குறைந்தால்தான் வாங்கலாம்.

2008-ல் அப்படிக் குறைந்தது. 1972-லும் 1997-லும் குறையவில்லை. வித்தியாசம் அதுதான்.

கையில் நிற்பது எவ்வளவு?

விலை ஏறினால்கூட அதெல்லாம் லாபமாகிவிடாது.

பாங்கியில் போட்ட பணத்துக்கு வட்டி வரும். வாங்கிய நிலத்தில் குத்தகை வரும். பூட்டி வைத்த மதுவுக்கு ஒரு காசும் வராது. செலவுதான் வரும்! கிட்டங்கி வாடகை, இன்சூரன்சு, விற்கும்போது கமிஷன்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒருவர் ஆயிரம் பவுண்டுக்கு ஒரு பெட்டி வாங்குகிறார். கிட்டங்கிக்கும் இன்சூரன்சுக்கும் ஆண்டுக்கு 12 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 10 ஆண்டுகள் கழித்து 1,200 பவுண்டுக்கு விற்கிறார். 200 பவுண்டு லாபம் என்று நினைப்பார். வாடகை 120 போயிற்று. நூற்றுக்குப் பத்து கமிஷன் என்றால் இன்னொரு 120 போயிற்று. கையில் நிற்பது 960. பத்து ஆண்டுகள் காத்திருந்து 40 பவுண்டு நஷ்டம்!

மோசடிக்காரர்களும் உண்டு. ரூடி கூர்னியவான் என்பவர் தம் வீட்டிலேயே மலிவான மதுவைக் கலந்து, பழைய புட்டியில் ஊற்றி, போலிச் சீட்டு ஒட்டிப் பணக்காரர்களிடம் விற்றார். 2013-ம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்றம் அவர் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு 10 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. பூட்டிய புட்டியை யார் திறந்து பார்க்கிறார்கள்? அதுதான் அவருக்கு வசதியாயிற்று!

வேறு சிலர் ரசீதை மட்டும் கொடுத்துவிட்டு மதுவே வாங்காமல் ஓடிவிடுவார்கள். பெட்டி தன் பெயரில் கிட்டங்கியில் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்காதவர்கள் பின்னால் அழ வேண்டியதுதான்.

எல்லா மதுவும் வைத்திருந்தால் விலை ஏறும் என்பதும் தவறு. உலகில் விளையும் மதுவில் மிகச் சிறு பகுதிதான் பல ஆண்டுகள் வைத்திருந்தால் ருசி கூடும். மற்றதெல்லாம் நாளாக ஆக வீணாகிவிடும். கெட்ட ஆண்டு மது பொதுவாக நல்ல ஆண்டு மதுவைவிடச் சீக்கிரம் முதிர்ந்து, சீக்கிரம் தளர்ந்துவிடும். அதை அளவுக்கு மீறிப் பூட்டி வைத்தால், திறக்கும்போது புளித்த தண்ணீர்தான்!

மாளிகைக்கு வெளியே

2024-ம் ஆண்டும் போர்டோவில் மழை ஆண்டுதான். பூவில் மழை, கோடையில் நோய், செப்டம்பரில் மறுபடியும் மழை. 2025-ம் ஆண்டு வசந்தத்தில் பெரிய தோட்டங்கள் விலையைக் குறைத்தன. சிலர் 20 சதவிகிதம். சிலர் 30 சதவிகிதம். அப்படியும் வாங்க ஆள் குறைவு. முன்பு வாங்கி வைத்த சரக்கே விற்காமல் கிடக்கிறது என்று வியாபாரிகள் கையை விரித்தார்கள்.

பெரியவர்கள் பாடு இப்படி. சின்னவர்கள் பாடு?

போர்டோவில் ஆயிரக்கணக்கான தோட்டங்கள் இருக்கின்றன. விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்களுக்குத்தான் இந்த முதலீட்டுக்காரர்கள் வருகிறார்கள். மற்றவர்களின் மதுவை யாரும் சுரங்கத்தில் பூட்டி வைப்பதில்லை. பிரான்சில் சிவப்பு ஒயின் குடிப்பவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். விற்காத சரக்கும், மாறி மாறி வந்த பனியும் மழையும் சேர்ந்து பலரை முறித்துவிட்டன.

2023-ம் ஆண்டில் அரசாங்கமும் ஊர்ச் சங்கமும் சேர்ந்து ஒரு திட்டம் கொண்டுவந்தன. கொடியைப் பிடுங்கி எறிந்தால் எக்டேருக்கு 6 ஆயிரம் யூரோ உதவி! நட்டு வளர்ப்பதற்கு உதவி கொடுப்பதைக் கேட்டிருக்கிறோம். பிடுங்குவதற்கு உதவி! பலர் கண்ணீரோடு மனுப் போட்டார்கள். பாட்டன் நட்ட கொடிகளை இயந்திரம் வந்து வேரோடு பெயர்த்தது. குவித்து வைத்துக் கொளுத்தினார்கள்.

ஒரே மாவட்டம். ஒரே மழை. ஒரே நோய். ஒரு வேலிக்கு இந்தப் பக்கம் உள்ள மது சுரங்கத்துக்குப் போய்ப் பொன்னாகிறது. அந்தப் பக்கம் உள்ள கொடி அடுப்புக்குப் போகிறது!

ஏப்ரல் மாதம் வந்தால் போர்டோவில் குடியானவர்கள் இன்றும் இரவில் தூங்குவதில்லை. வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வருகிறார்கள். கெட்ட ஆண்டு வந்தால் மலிவாக வாங்கலாம் என்று எங்கோ ஒருவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் கெட்ட ஆண்டு வரக்கூடாதே என்று இவர்கள் வேண்டிக்கொள்கிறார்கள்.

அந்தக் கணக்கும் எல்லாருக்கும் பலிப்பதில்லை. மதுவில் போட்டாலும் சரி, நிலத்தில் போட்டாலும் சரி, நம் பெரியவர்கள் அன்றே சொல்லி வைத்திருக்கிறார்கள்:

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு!